பம்பைக் கழற்ற முதல்

இலங்கையின் வன்னியில் ஓர் உழவு மெசின் (ட்ராக்டர்) வயலுக்குள் நின்றுவிட்டால், கூடுகிற ஆட்கள் முதலில் சொல்வது "பம்ப் போட்டுது" என்பதுதான். வீதியால் சைக்கிளில் போகிறவர்கூட ஒரு காலை ஊன்றி நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். பம்ப் என்றால், டீசலை அழுத்தி இஞ்சினுக்குள் அனுப்பும் டீசல் பம்ப். கழற்றினால் லேசில் திரும்பி வராது. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய், அந்த வேலை தெரிந்த இடத்தில் வரிசையில் வைத்து, பெருந்தொகை கட்டி, அது வந்து சேரும்போது வயலில் ஈரம் காய்ந்து போயிருக்கும். பம்பில் கைவைக்க முதல் பார்க்கவேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. பலதுக்குச் செலவே இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது மெசி பேகசன் 135. இங்கிலாந்தின் கொவென்றியில் 1964ஆம் ஆண்டின் கடைசியில் செய்யத் தொடங்கிய மாடல். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் இஞ்சின், இரண்டரை லீற்றர். யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்த பிறகு அப்பா மல்லாவியில் வாங்கினார். அது அதற்கு முதல் எங்கே நின்றது, யாருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு எதுவரை போனது என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வாங்கிய மெசின்களைப் பற்றி இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. இன்றைக்கும் வவுனிக்குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வயலை அதுதான் உழுகிறது. புதிய இந்திய மெசின்கள் எத்தனையோ வந்துவிட்டன. என்றாலும் பழைய மெசியை விற்க மனம் வராததற்குக் காரணம், அதில் சாவியும் கண்ணும் இருந்தால் கண்டுபிடிக்க முடியாத பழுது குறைவு. கணினிப் பெட்டி எதுவும் இல்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடுவதற்குப் பற்றரிகூடத் தேவையில்லை.

டீசல் இஞ்சினில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. காற்றை வேகமாக அமுக்கும்போது வரும் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்கு வேண்டியது வேகமான சுற்று, காற்றுக்குமிழி இல்லாத டீசல், அடைப்பில்லாத காற்று. எது குறைகிறது என்பதைச் சைலன்சரே சொல்லிவிடும். ஸ்ராட் அடிக்கும்போது ஓர் ஆளைப் பக்கத்தில் விட்டுப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் நன்றாகச் சுற்றியும் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியத்தான் இல்லை. சுற்று வேகம் போதாது அல்லது கொம்பிரசன் (காற்றை அமுக்கும் பலம்) குறைந்துவிட்டது. பிடித்த பிறகு கறுப்பாகத் தள்ளினால் காற்றுப் போதவில்லை. இதைப் பார்க்காமல் சாவியைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

சுற்றவே இல்லை என்றால் முதலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை–லோ கியர்த் தடியைப் பாருங்கள். 135இல் அது நடுவில் இல்லாவிட்டால் ஸ்ராட்டர் வேலை செய்யாது. அந்தப் பாதுகாப்புச் சுவிச்சைப் பல மெசின்களில் யாரோ ஒருவர் எப்போதோ நேராக வயர் போட்டு விட்டிருப்பார். அப்படியானால் கியரில் நிற்கும்போதே மெசின் பாயும், கவனம். அடுத்தது லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட் அடித்துப் பார்ப்பது. லைற் அணைகிற மாதிரி மங்கினால் பற்றரியிலோ அதன் இணைப்பிலோ குறை. மங்காமல் அப்படியே எரிந்தால் சுவிச் பக்கமோ ஸ்ராட்டருக்குக் கரண்டை விடும் சொலினொயிட் பக்கமோ பார்க்கவேண்டும். மல்ரிமீற்றர் இருப்பவர்களுக்கு: நிறைந்த பற்றரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் காட்டும்.

புதுப் பற்றரி வாங்கிப் போட்டும் மெசின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்று சொல்பவர்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு சின்ன வேலை. சில விநாடி ஸ்ராட் அடித்துவிட்டு, உடனே பற்றரி முனைகளையும் ஏர்த் வயரின் இரண்டு அந்தங்களையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் பழுது. பெரும்பாலும் ஏர்த் வயர் மெசின் உடம்பில் பிடிக்கும் இடம்தான் சுடும். பெயின்றுக்கும் துருவுக்கும் மேலே போல்றை இறுக்கி வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கி, கிறீஸ் பூசினால் போதும். இஞ்சின் சுற்றும் சத்தமே மாறிவிடும். முனையில் பூத்திருக்கும் வெள்ளைத் தூளுக்குச் சுடுதண்ணீர்.

தொண்ணூறுகளில் யுத்தகாலத் தடையில் டீசலும் பற்றரியும் வன்னிக்கு வரவிடாத பட்டியலில் இருந்தபோது, மெசின் ஓட்டிய என் மாமா அதைக் குளக்கட்டுச் சரிவில் ஏற்றித்தான் நிறுத்துவாராம். காலையில் உருளவிட்டு, கிளச்சை விட்டால் பிடித்துவிடும். இப்போது நல்ல பற்றரி இருந்தும் சரிவு தேடித்தான் நிறுத்துகிறார். மற்ற மெசினில் கயிறு கட்டி இழுப்பதை மட்டும் அவரும் விரும்பமாட்டார். பிடித்தவுடன் பின்னாலுள்ளது பாய்ந்து முன்னால் உள்ளதன் மேல் ஏறப் பார்க்கும்.

நன்றாகச் சுற்றுகிறது, புகை இல்லை என்பதுதான் உண்மையில் அடிக்கடி வரும் நோய். இதில் முதலில் பார்க்கவேண்டியது நிப்பாட்டுகிற கம்பி. இழுத்தால் நிற்கும் குமிழை நாம் உள்ளே தள்ளிவிட்டிருப்போம். மழையில் நனைந்து துருப்பிடித்த கேபிள் உள்ளே போகாமல் இடையில் மடிந்திருக்கும். பம்பில் இருக்கும் சின்னத் தடி இன்னும் "நில்" என்ற இடத்திலேயே நிற்கும். விரலால் அதைத் தள்ளிவிட்டு அடித்தால் பிடித்துவிடும். பம்ப் போட்டுது என்று கழற்றத் தொடங்கிய ஒரு மெசின் இப்படி எழும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிடிக்கிறது, ஆனால் ஓடி ஓடி நிற்கிறது என்பது இன்னொரு சாதி நோய். ஒரு காலபோகத் தொடக்கத்தில் எங்கள் மெசி அதைத்தான் செய்தது. முதல் மழை விழுந்து, மண் பதமாக இருந்த நேரம். துணுக்காய்ப் பக்கம் கூலி உழவுக்குப் போய்த் திரும்பியிருந்தது. காலையில் ஒரே அடியில் பிடிக்கும். கலப்பையை இறக்கி ஒரு இருபது நிமிடம் உழும். பிறகு சத்தம் மெல்ல மெலிந்து, யாரோ குமிழை இழுத்துவிட்டது போல நின்றுவிடும். நிழலில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து அடித்தால் சிலவேளை பிடிக்கும். சிலவேளை காற்றெடுத்தால்தான், அதாவது டீசல் போகும் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் பிடிக்கும். ஓட்ட வந்த பொடியன், "பம்ப் சூடாகிப் பிடிக்குது அண்ணை, கழற்றுவம்" என்றான். மாமாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அவர் வந்து மெசினில் கைவைக்கவில்லை. வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"மாமா, பம்பைக் கழற்றுவமோ?"

"பம்ப் எங்கயும் ஓடாது மருமோன். டாங்கியிலயிருந்து வா. சத்தம் மெலியேக்க மூடியைத் திறந்து பார்."

நானும் பக்கத்தில் ஏறி நின்றேன். சத்தம் மெலிந்து, இஞ்சின் திணறத் தொடங்கியது. பொனற்றுக்கு மேலே இருக்கும் டீசல் டாங்கியின் மூடியைப் பிடித்துத் திருகினேன். லேசில் அசையவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்திருப்பது மாதிரி இருந்தது. அரைவாசி திரும்பியதும் "உஸ்ஸ்" என்று நீளமாகக் காற்று உள்ளே போகிற சத்தம். சில விநாடியில் இஞ்சின் தானாகவே வேகம் எடுத்துக்கொண்டது.

மூடியைப் புரட்டிப் பார்த்தால் விசயம் வெளித்தது. பழைய வாசர் உக்கிப் போயிருக்க, கூலி உழவுக்குப் போன இடத்தில் யாரோ சைக்கிள் ரியூப்பில் ஒரு புதிய வாசர் வெட்டிப் போட்டிருந்தார்கள். வளையமாக வெட்டவேண்டியதை முழு வட்டமாக வெட்டியதில், மூடியில் காற்றுப் போகவென்று இருக்கும் சின்னத் துவாரம் மூடிப்போயிருந்தது. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். அதோடு, இழுபடுகிற டீசல் குழாயில் எங்கே ஒரு நலிந்த வாசர் இருக்கிறதோ அதனூடாகக் காற்றும் உள்ளே வரும். அதனால்தான் சிலவேளை சும்மா பிடித்தது, சிலவேளை காற்றெடுக்கவேண்டி வந்தது. பேனாக்கத்தியால் றப்பரின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்தார் மாமா. அவ்வளவுதான் திருத்தம்.

ரியூப் வாசர் இல்லாத மெசின்களிலும் இதே நோய் வரும். மாதக்கணக்காகக் கொட்டிலில் நிற்கும் மெசினில் குளவி அந்தத் துவாரத்தைத் தேடிவந்து மண்ணால் அடைத்துவிடும். மூடி தொலைந்துபோய், சொப்பின் பாக்கை (பிளாஸ்டிக் பையை) மடித்து றப்பர் பாண்டால் கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. மழைக்கு நல்லது, இஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

மூடி சரி, இன்னும் நிற்கிறது என்றால் டீசல் போகும் வழியே ஒவ்வொரு இடமாகக் கீழே வரவேண்டும். டாங்கியின் அடியிலுள்ள குழாயைக் கழற்றி ஒரு ரின்னுக்குள் விட்டுப் பாருங்கள். நூல் மாதிரி வடிந்தால் உள்ளே அடைப்பு. டாங்கியின் அடியில் தண்ணீரும் கறுப்புச் சளியும் சேர்ந்திருக்கும். அடுத்தது பில்ரர். சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, கலப்பை மண்ணில் ஏறியதும் திணறுகிற மெசினுக்குப் பெரும்பாலும் அடைபட்ட பில்ரர்தான் காரணம். சும்மா ஓடத் தேவையான துளி டீசல் அதனூடாகப் போய்விடும், உழவுக்கு வேண்டியது போகாது.

பில்ரர் மாற்றும்போது ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. பழைய றப்பர் வளையம் தலைப்பக்கத் தவாளிப்பில் ஒட்டிக்கொண்டு, அழுக்கோடு அழுக்காக, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். அதற்கு மேலே புதிய வளையத்தை வைத்து இறுக்கினால் காற்று உள்ளே வரும், டீசல் கசியும். இன்னும் இறுக்கினால் நடுப் போல்றின் புரி போய்விடும். ஒரு சின்னத் திருகியால் தவாளிப்பைச் சுரண்டி, பழையது வெளியே வந்துவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் புதியதை வையுங்கள். 135இல் டாங்கி மேலே இருப்பதால் ஒரு வசதி உண்டு: காற்று உள்ளே வரும் இடம், மெசின் நிற்கும்போது பெரும்பாலும் டீசல் கசியும் இடமாகவும் இருக்கும். இரவில் எல்லா இணைப்பையும் துடைத்துக் காயவிட்டு, காலையில் எது நனைந்திருக்கிறது என்று பார்த்தால் தேடுகிற வேலை மிச்சம்.

இனிக் காற்றெடுப்பது. இதைப் பொறுமையாகச் செய்தால் அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அவசரப்பட்டால் பற்றரிதான் இறங்கும். டாங்கிக் குழாய் திறந்திருக்கவேண்டும், நிப்பாட்டுகிற குமிழ் உள்ளே இருக்கவேண்டும். முதலில் பில்ரர் தலையிலுள்ள காற்றுத் திருகாணியை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, இஞ்சின் பக்கவாட்டில் இருக்கும், டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தள்ளும் லிப்ற் பம்பின் கைத்தடியை மேலும் கீழும் அடியுங்கள். நுரையாக வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டிருக்கும்போதே இறுக்குங்கள். மெல்ல இறுக்குங்கள், அந்தத் தலை மென்மையான உலோகம். கைத்தடி தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் லிப்ற் பம்ப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே சுழன்று அதைத் தள்ளும் கம் என்ற மேடுள்ள துண்டு உயர்ந்த இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். ஸ்ராட்டரை ஒரு தட்டுத் தட்டி இஞ்சினைச் சிறிது சுற்றிவிட்டால் தடியில் பிடிப்பு வந்துவிடும். இது தெரியாமல் நல்ல லிப்ற் பம்பை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு டீசல் பம்பில் உள்ள திருகாணிகள். பக்கவாட்டில் கீழே உள்ளது முதலில், மேலே உள்ளது பிறகு. அதே மாதிரி நுரை தெளியும்வரை. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்ரர்களுக்குப் போகும் இரும்புக் குழாய் நட்டுகளை இன்ஜெக்ரர் பக்கத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தி, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து, ஸ்ராட் அடியுங்கள். டீசல் துப்பத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வர, கடைசி நட்டுக்கு முன்னமே இஞ்சின் ஒரு காலில் நொண்டிக்கொண்டு பிடித்துவிடும். ஸ்ராட்டரை ஒரே மூச்சில் பதினைந்து, இருபது விநாடிக்கு மேல் பிடிக்கக்கூடாது. ஆறவிட்டு அடியுங்கள். ஓடும்போது துப்புகிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோகவே வேண்டாம். இன்ஜெக்ரர் திறக்கும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கும் மேல். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது.

சாவி விசயமும் சொல்லவேண்டும். 135இன் நட்டுகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கு. மில்லிமீற்றர் சாவியை அமுக்கிப் போட்டால் நட்டின் மூலைகள் உருண்டு, அடுத்த முறை குறடுதான் கதி. எங்கள் பகுதியில் உருளாத நட்டுள்ள மெசியைக் காண்பது அரிது.

டீசலில் தண்ணீர் என்பது 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எல்லோருக்கும் பழகிய தலையிடி. அந்த ஜூன் மாதத்தில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. காசிருந்தாலும் வரிசையில் நிற்கவேண்டும். கிடைத்ததைக் கிடைத்த கானில் அடைத்துக் கொட்டிலில் வைத்தார்கள். எண்ணெய்க் கான், மருந்துக் கான், தண்ணீர்க் கான் எல்லாம் டீசல் கான் ஆனது. அடுத்த விதைப்புக்குள் பலருடைய பில்ரர்கள் அடைத்துக்கொண்டன. அதில் பழகியது இன்னும் உதவுகிறது: வாங்கி வந்த டீசலில் கொஞ்சம் ஒரு வெறுஞ் சோடாப் போத்தலில் விட்டு இரவு அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். பீப்பாவில் வைப்பவர்கள் ஒருநாள் ஊறவிட்டு, குழாயை அடிவரை விடாமல் ஒரு சாண் மேலே நிறுத்தி உறிஞ்சவேண்டும். வேலை முடிந்ததும் மாலையிலேயே டாங்கியை நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உள்ளே வியர்ப்பதும் குறையும்.

லிப்ற் பம்பின் உள்ளே இருக்கும் றப்பர்த் தகடு கிழிந்தால் டீசல் இஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் அளக்கும் கோலை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் குறையாமல் கூடியிருந்தால் சந்தோசப்பட வேண்டாம். மணந்து பாருங்கள். டீசல் மணம் வந்தால் மெசினை ஓட்டாதீர்கள்; இளகிய ஒயிலில் பெயரிங்குகள் போய்விடும்.

காற்றுப் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. புழுதி விதைப்புக்கு உழும் நாட்களில் காற்றின் தூசியைப் பிடிக்கும் ஒயில் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு கட்டியிருந்தால் கழுவிப் புது ஒயில், கோட்டுக்கு மேலே போகாமல். பிடிக்காத மெசினின் காற்று வாயில் பெற்றோல் துணி பிடிப்பதும், லேசில் பற்றும் ஸ்பிறே அடிப்பதும் இங்கே பெரிய வித்தை மாதிரி நடக்கிறது. பழகிய மெசின் அது இல்லாமல் பிடிக்க மறுக்கும் என்பது சும்மா கதை அல்ல: அந்த வெடிப்பில் பிஸ்ரன் ரிங்குகள் அடிபட்டு கொம்பிரசன் குறைந்துபோய், உண்மையிலேயே அது இல்லாமல் பிடிக்காத நிலைக்கு வந்துவிடும்.

சரி, பம்ப் பழுதாவதே இல்லையா? ஆகும். அதற்கும் தனி அடையாளம் இருக்கிறது. காலையில் குளிரில் ஒரே அடியில் பிடிக்கும் மெசின், உழுது சூடான பிறகு நிப்பாட்டினால் திரும்பப் பிடிக்காது. நன்றாகச் சுற்றும், புகை வராது, காற்றும் இல்லை. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் பிடிக்கும். இந்த வகைப் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது. ஓடுகிற டீசலே அதன் தேய்வைக் காக்கவேண்டும். டீசல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓடிய மெசின்களின் பம்புகள் உள்ளே தேய்ந்திருக்கும். சூட்டில் டீசல் இளகும்போது அந்தத் தேய்ந்த இடைவெளியால் அழுத்தம் கசிந்துவிடும். உறுதிப்படுத்த, இஞ்சின் நிற்கும்போது ஒரு சாக்கைக் குளிர்தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் சுற்றி, கொஞ்சம் பொறுத்து ஸ்ராட் அடியுங்கள். பிடித்தால் பம்புதான். ஓடுகிற சூட்டுப் பம்பில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகிவிடும்.

போன சிறுபோகத்தில் எங்கள் மெசி சாக்குத் தண்ணீருக்குப் பிடித்துவிட்டது. வெட்டு முடிந்ததும் வவுனியாவுக்குக் கொண்டுபோக விலை கேட்டு வைத்திருக்கிறோம். அதுவரை மத்தியானச் சாப்பாட்டுக்கும் இஞ்சினை நிப்பாட்டாமல் மெல்ல ஓடவிட்டுத்தான் போகிறோம். டீசல் வீணாகுது என்று அம்மா கத்துவதில் நியாயம் இருக்கிறது.